விசிறி நின்ற அறை

பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விண்வெளி நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் ஜெசிந்தா. இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் ஹனீபா. மூன்றாமவர் அம்பலவாணன், வானியல் அறிஞர், புதிதாக வந்தவர்.

அம்பலவாணன் ஜெசிந்தாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனால் அங்கே தண்ணீர் குடிப்பது எப்படி, தூங்குவது எப்படி, ஒரு ஸ்க்ரூவைத் திருகும்போது ஆளே சுற்றிப் போகாமல் இருப்பது எப்படி என்று எல்லாவற்றையும் அவருக்கு ஜெசிந்தாதான் சொல்லிக் கொடுத்தார். அம்பலவாணனும் கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவருக்குப் பழகவில்லை. சத்தம்.

மலை உச்சியில் ஒரு தொலைநோக்கியோடு தனியாக வாழ்ந்தவர் அவர். வாரத்தில் ஒரு நாள் யாரிடமும் பேசமாட்டார். காற்றில்லாத இடத்தில் ஒலியில்லை. அங்கே ஒருமுறை போய் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்த வயதில் அத்தனை பயிற்சியையும் தாங்கினார்.

வந்து பார்த்தால், நிலையத்துக்குள் ஓயாத இரைச்சல். மின்விசிறிகள், பம்புகள், குழாய்கள். பழைய பஸ்ஸில் எஞ்சின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரி. காதை அடைத்துக்கொண்டார். சுவரில் பட்ட கை வழியாக அது உள்ளே வந்தது.

தூக்கம் போயிற்று. ஒரு நாள் கருவியைத் தவறான நட்சத்திரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். இன்னொரு நாள், வேலை செய்துகொண்டே மெல்லப் பாடிய ஹனீபாவைப் பார்த்து, "கொஞ்சம் வாயை மூடுங்களேன்!" என்று கத்திவிட்டார்.

ஹனீபா பாட்டை நிறுத்தினார். அன்றிலிருந்து சாப்பாட்டையும் தன் வேலை இடத்துக்கே எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் ஒரு கலம் பூமிக்குத் திரும்பவிருந்தது. அம்பலவாணன் ஜெசிந்தாவிடம் வந்தார்.

"நான் இறங்கிடறேன் மேடம்."

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்தச் சத்தம்தான்."

"உங்க ஆராய்ச்சி பாதியில நிக்குதே."

"தெரியும். இன்னொரு தடவை என்னை அனுப்பமாட்டாங்க. அதுவும் தெரியும்."

அம்பலவாணன் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும். நீங்க எத்தனையோ மாசம் இங்க இருந்திருக்கீங்க. இந்த இடத்துல அமைதி எங்க இருக்கு? எனக்கு ஒரே ஒரு தடவை காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்."

"வாங்க, காட்டறேன்."

ஜெசிந்தா அவரை அவருடைய தூங்கும் அறைக்கு அழைத்துப்போனார். அறை என்றாலும் துணி அலமாரி அளவுதான் இருக்கும். அம்பலவாணன் உள்ளே போய்த் தூங்கும் பைக்குள் புகுந்துகொண்டார்.

"கதவைச் சாத்தப் போறேன். உங்க அறை ஃபேனை நிறுத்திடறேன். மத்த ஃபேனையும் பம்பையும் கொஞ்ச நேரம் ஹனீபா நிறுத்தி வைப்பார். நான் வெளியிலயே இருக்கேன். போதும்னு தோணினா தட்டுங்க."

"போதும்னு எனக்கு எப்படித் தோணும்?" என்று அம்பலவாணன் சிரித்தார். அங்கே வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஜெசிந்தா விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். அறைக் காற்றின் நிலையைக் காட்டும் சிறிய மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கால்களைக் கம்பியில் கோத்துக்கொண்டு நின்றார்.

சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

முதலில் அம்பலவாணனுக்குக் காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. தன் நெஞ்சு துடிப்பது கேட்டது. கழுத்தில் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது போலிருந்தது. மேல் இல்லை, கீழ் இல்லை, கனமில்லை, ஒளியில்லை. மலை உச்சியில்கூட இப்படி ஒரு அமைதியை அவர் கண்டதில்லை. கண்ணில் நீர் திரண்டது. அது வழியவில்லை, கண்மேலேயே உருண்டையாக நின்றது.

'இதற்குத்தானே வந்தேன்' என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போயிற்று. முகத்துக்கு முன்னால் ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ மிக அருகில் வந்து மூச்சு விடுவது போல. அவர் முகத்தைத் திருப்பினார். அங்கும் வந்தது. யாரென்று பார்க்க ஆவலாக இருந்தது. இருட்டில் கண்ணை விரித்தார். ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவினார். ஒரு கணம் முகம் குளிர்ந்தது. மறுபடி அது நெருங்கி வந்து மூடிக்கொண்டது.

நெற்றிப் பொட்டு தெறித்தது. மூச்சு வேகமாக வாங்கியது. இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. முடியவில்லை. கதவைத் தட்டினார்.

முதல் தட்டிலேயே கதவு திறந்தது. ஜெசிந்தா விசிறியைப் போட்டார். காற்று முகத்தில் அடித்தது. நிலையம் முழுவதும் பழைய இரைச்சல் திரும்பியது. அம்பலவாணன் கண்ணை மூடிக்கொண்டு, ஊர் சேர்ந்தவர் போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க தட்டலேன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல நானே திறந்திருப்பேன்," என்றார் ஜெசிந்தா, மீட்டரைக் காட்டி.

ஹனீபா தண்ணீர்ப் பையோடு வந்து நின்றார். "குடிங்க சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு."

அம்பலவாணன் வாங்கிக் குடித்தார். "அன்னைக்கு அப்படிக் கத்தினதுக்கு மன்னிச்சிருங்க ஹனீபா."

"அட, விடுங்க சார்."

ஹனீபா போன பிறகு ஜெசிந்தா கேட்டார். "கீழே பதில் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

"இருக்கேன்னு சொல்லுங்க." பிறகு சற்றுத் தயங்கினார். "மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இங்க காத்து தானா நகராது, ஃபேன் நின்னா நாம விட்ட மூச்சு முகத்துக்கு முன்னாலயே நிக்கும்னு பயிற்சியிலயே சொல்லிக் கொடுத்தாங்க. அதைக் கேக்கல. உள்ள என்கூட யாரோ இருந்தாங்க. முகத்துக்கு நேரா. தள்ளிவிட்டேன், போய்ட்டு மறுபடி வந்தாங்க. மூச்சு முட்டற வரைக்கும் விடல. அது யாரு?"

ஜெசிந்தா மீட்டரை அதன் இடத்தில் மாட்டினார்.

"உள்ள நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க சார்."