ஒரே கப்பலுக்கு இரண்டு விலை

முத்தலைத்துறை என்றொரு துறைமுகப் பட்டினம். அங்கே 'நாற்பது பங்குக் கப்பல்' ஒன்று இருந்தது. குயவர், பூக்கட்டுகிறவர், வலை பின்னுகிறவர் என்று சின்னச் சின்ன ஆட்கள் சேர்ந்து வாங்கிய கப்பல். கருவாடு விற்கும் செங்கமலத்துக்கு அதில் ஒரே ஒரு பங்கு. மகள் கல்யாணத்துக்கு அவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

பெருவணிகர் நாகமாணிக்கத்துக்கும் ஒரு கப்பல் உண்டு. அதே அளவு, அதே வயது, கட்டியவரும் அதே தச்சர். "இரண்டு வியாபாரத்தையும் ஒன்றாக்கிவிடலாம்" என்றார் அவர். நாற்பதில் இருபத்தொரு பங்கைச் சத்தமில்லாமல் வாங்கிப்போட்ட பிறகுதான் அப்படிச் சொன்னார். குடத்தில் ஓலை போட்டு முடிவெடுப்பது ஊர் வழக்கம். ஆளுக்கு அல்ல, பங்குக்கு ஓர் ஓலை. முடிவு என்னவென்று அந்தக் குடத்துக்கே தெரியும்.

எந்தக் கப்பலின் பங்குக்கு எத்தனை புதுப் பங்கு என்று முடிவுசெய்ய, மதிப்பீடு மட்டும்தான் பாக்கி. அதற்காக வந்தவர் மூன்று மாதம் நாகமாணிக்கம் வீட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற நல்ல மனம் அவருக்கு. ஓலை போடும் நாளன்று அரசவையில் ஏட்டை விரித்தார்.

"நாகமாணிக்கம் கப்பல் பத்தாயிரம் பொன். நாற்பது பங்குக் கப்பல் ஆயிரம் பொன்."

செங்கமலத்துக்கு அழுகை வந்துவிட்டது. "பத்துப் பங்கு குடுத்தா ஒரு பங்கு தருவாங்களாம் சாமி. எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான். அதை வச்சுத் தாலிக்கயிறு வாங்கலாம், தாலி வாங்க முடியாது."

மன்னன் வீரகேதுவின் மனம் இளகியது. ஆனால் வழக்கத்தை அவனாலும் மீற முடியாது. அவைப் புலவர் கூத்தனாரைப் பார்த்தான். அவர் சுங்கச்சாவடிக்கு ஆளனுப்பி ஓர் ஓலையை வரவழைத்தார்.

"நாகமாணிக்கம் அவர்களே, இது உங்கள் கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான்."

"வரியைக் குறைக்கச் சொல்லிப் பத்து வருடமாக வருடந்தோறும் எழுதுகிறீர்கள். படிக்கிறேன். 'அடியேனுடைய கப்பல் பழையது. அடிப்பலகை அரித்துவிட்டது. எலிகூட இறங்கிப் போய்விட்டது. விறகாக விற்றால் நூறு பொன் தேறலாம்.'"

அவை சிரித்தது. நாகமாணிக்கம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எது உண்மை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார் கூத்தனார். "மதிப்பீடு உண்மையென்றால், பத்தாயிரம் பொன்னுக்கு உரிய வரியைப் பத்து வருடப் பாக்கியோடு கட்டுங்கள். ஓலை உண்மையென்றால், உங்கள் கப்பல் நூறு, அவர்களுடையது ஆயிரம். நீங்கள் பத்துப் பங்கு கொடுத்தால் அவர்கள் ஒன்று தருவார்கள்."

நாகமாணிக்கம் மன்னன் பக்கம் திரும்பினார். "இரண்டுமே கொஞ்சம் மிகை, அரசே. ஒரே தச்சர் கட்டிய கப்பல்கள்தானே. பங்குக்குப் பங்கு, சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளலாம்."

"இனி இரண்டு கப்பலுக்கும் வரியும் சரிக்குச் சரி" என்றான் மன்னன். செங்கமலம் முதல் ஆளாகப் போய்க் குடத்தில் சம்மத ஓலையைப் போட்டாள்.

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கேட்டான். "கூத்தனாரே, உமது புத்திக்கு இன்று ஏதாவது செய்ய வேண்டும். அதன் மதிப்பு எவ்வளவு என்று நீரே சொல்லும்."

கூத்தனார் பணிவாகக் கைகட்டி நின்றார்.

"பரிசு வாங்கவா அரசே, வரி கட்டவா?"