வலக்கைக் கத்தி

ரத்தம் மூங்கிலில் சொட்டியபோது பொன்னுரங்கம் முதலில் பார்த்தது கத்தியின் வாயைத்தான். வாய் மழுங்கவில்லை, எங்கும் பல் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் வடிவம்மாவின் கையைப் பார்த்தார். நல்ல மனுஷன் அப்படிச் செய்யமாட்டான். அவர் செய்தார்.

வலது முன்கையில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஆழமில்லை. வடிவம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஆரோக்கியம் மஞ்சள்தூளோடு ஓடிவந்தாள். அவளும் அந்த ஆசிரமத்தில் சிஷ்யைதான், சமையலும் அவள் பொறுப்பு.

"மூணு மாசமா ஜப்பான் கத்தி ஜப்பான் கத்தின்னு உருகினீங்களே ஐயா. முதல் காவு அம்மாதானா?"

பொன்னுரங்கத்துக்கு வயசு அறுபத்திரண்டு. அவர் குரு வடிவம்மாவுக்கு நாற்பதுதான். சிறுமலையில் அவரிடம் வந்து சேர்ந்து ஒன்பது வருஷம். வயசில் சின்னவள் காலிலா விழுகிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களோடு அவர் பேச்சை விட்டுவிட்டார்.

இன்றைக்கு அவர் புறப்பட வேண்டிய நாள். திண்டுக்கல்லில் வாடகைக்கு ஒரு ஹால் பிடித்தாயிற்று. சாயங்காலம் அவர் நடத்தப்போகிற முதல் தியான வகுப்பு. அவர் படம் போட்ட பிளக்ஸ்கூடத் தொங்குகிறது. குருவின் உத்தரவு ஒன்றுதான் பாக்கி.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவர் ஒரு பொருளைத் தட்சணையாக வைக்க வேண்டும். வடிவம்மா அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கமாட்டார். அப்போதே வேலையில் போடுவார். பொருள் வேலைக்கு ஆனால் ஆளும் போகலாம். போன வருஷம் ஒருவர் பட்டுச் சால்வை கொண்டுவந்தார். வடிவம்மா அதைப் பிடித்துக்கொண்டு உலைப்பானையை இறக்கினார். கை சுட்டது. அந்த மனுஷன் இன்னும் அங்கேதான் மாடு மேய்க்கிறார்.

பொன்னுரங்கம் அப்படிக் கோட்டை விடுகிற ஆளில்லை. கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தியவர். இரும்பு அவருக்குத் தெரியும். ஜப்பானில் காட்டுவேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற 'நத்தா' என்கிற வெட்டுக்கத்தியைத் தேர்ந்தெடுத்தார். நம் அரிவாளின் வளைவு அதில் கிடையாது. நேராக, கனமாக இருக்கும். வாய்க்கு மட்டும் கெட்டி எஃகு, மற்றதெல்லாம் மெத்தென்ற இரும்பு. இரண்டையும் நெருப்பில் போட்டு அடித்தே ஒட்டியிருப்பார்கள். அந்த எஃகிலும் வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று ஜாதி உண்டு. ஆலையில் சுற்றி அனுப்புகிற தாளின் நிறத்தால் வந்த பேர். வெள்ளை சுத்தம், சீக்கிரம் தீட்டிவிடலாம். நீலத்தில் வேறு உலோகம் கலந்திருக்கும், கூர் நின்று உழைக்கும். எண்ணெய் போடாவிட்டால் இரண்டும் துருப்பிடிக்கும். வெள்ளையா நீலமா என்று தூக்கம் கெட்டு, கடைசியில் நீலத்தை வாங்கினார்.

காலையில் கத்தியை குரு முன்னால் வைத்து இதையெல்லாம் ஒப்பித்தார். வடிவம்மா குறுக்கே பேசவில்லை. எஃகும் இரும்பும் ஒட்டிய இடத்தில் புகை மாதிரி ஓடிய வரியை விரலால் தடவினார். அழகாக இருக்கிறது என்றார். பீர்க்கம்பந்தலுக்கு வெட்டிப்போட்ட மூங்கில் கிடந்தது. பக்கக்கிளை கழிக்க உட்கார்ந்தார். பொன்னுரங்கத்தின் கண் கத்தியை விட்டு நகரவில்லை. இரண்டாவது வெட்டில் இது நடந்துவிட்டது.

"கத்தி மேல தப்பில்லம்மா," என்றார் பொன்னுரங்கம்.

அவரே எடுத்து வெட்டிக் காட்டினார். கிளை வாழைத்தண்டு மாதிரி விழுந்தது. இன்னொன்று. அதுவும் சுத்தமாக விழுந்தது. பிடிக்கிற கோணம் பழக வேண்டும், இரண்டு நாளில் வந்துவிடும் என்று மரியாதையாகவே சொன்னார்.

மஞ்சளை அப்பிக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிர்ந்தாள்.

"அம்மா எந்தக் கையில வெட்டினாங்க ஐயா?"

"வலது கையிலதான்."

"காயம் எந்தக் கையில இருக்கு?"

பொன்னுரங்கம் பார்த்தார். அவர் கையிலிருந்த கத்தி தானாகத் தாழ்ந்தது.

ஒரு பக்கம் மட்டும் சரித்துச் சாணை பிடித்த கத்தி அது. வலக்கையில் பிடித்தால் மரத்தைக் கடிக்கும். இடக்கையில் பிடித்தால் கடிக்காமல் வழுக்கி, மரத்தைப் பிடித்திருக்கிற கைக்கு ஓடும். பட்டறையில் உளி தீட்டி வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"அம்மாவுக்கு இடக்கையா?" அதை அவர் ஆரோக்கியத்திடம்தான் கேட்டார். குருவிடம் கேட்க வாய் வரவில்லை.

"சாப்பிடறது, விபூதி கொடுக்கிறது, பழம் கொடுக்கிறது வலது கை. தண்ணி இறைக்கிறது, விறகு பொளக்கிறது, சாணி அள்றது இடது கை. நீங்க கையேந்தற நேரத்துல மட்டும் கண்ணைத் தொறந்தா எப்படித் தெரியும்?"

வடிவம்மா அவளைப் போகச் சொன்னார். அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்றார். அவள் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"விக்கிறவரு கேட்டிருப்பாரே," என்றார் வடிவம்மா. "எந்தக் கைக்குன்னு."

"போன்ல கேட்டாரும்மா."

"என்ன சொன்னீங்க?"

"வலதுன்னு."

"நீலமா வெள்ளையான்னு எத்தனை நாள் யோசிச்சீங்க?"

"மூணு மாசம்."

"இதுக்கு?"

பொன்னுரங்கம் ஒரே மூச்சில் பேசினார். மாற்றிவிடலாம், இடக்கைக்கென்றே செய்கிறார்கள், சொன்னால் போதும், அதே எஃகில், அதே கனத்தில் வரும். வடிவம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கத்தியை எடுத்துத் துணியால் துடைத்து, உறையில் போட்டு, அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

"நல்ல கத்தி. உங்க கைக்கு நல்லா இறங்குது. வச்சுக்குங்க."

ஒன்பது வருஷமும் ஒரு மூங்கில் குச்சியில் போய்விட்டது என்று பொன்னுரங்கம் நினைத்தார். ஹாலையும் பிளக்ஸையும் நினைத்தார். அதையும் நினைத்தார் என்பதுதான் உண்மை.

"அப்ப உத்தரவு இல்லையாம்மா?"

"ஏன் இல்ல? நான் என்னிக்கு உங்களைப் பிடிச்சு வச்சேன்? பஸ் வர்ற நேரமாச்சு. அங்க ஆளுங்க காத்திருப்பாங்க. போய் உக்காந்து சொல்லிக்குடுங்க."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. வடிவம்மா பழைய அரிவாளை எடுத்து மூங்கிலை இழுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் அப்பிய வலது கை பிடித்தது. இடது கை வெட்டியது. பஸ் வந்து நின்று, உறுமிக்கொண்டிருந்தது.

"போங்க," என்றார், தலை தூக்காமல்.

பொன்னுரங்கம் போகவில்லை.