நண்டுக்கு விழுந்த ஒரே ஓட்டு

நீர்முள்ளி ஏரியில் கொடுக்கப்பன் என்று ஒரு நண்டு இருந்தது. ஏரிக்குப் புதுத் தலைவர் தேர்தல் வந்தபோது, யாரும் எதிர்பாராமல் அதுவும் போட்டியில் இறங்கிவிட்டது!

எதிரே நின்றது யார் தெரியுமா? கொம்பையா என்ற காட்டுப்பன்றி! கொம்பையா உறுமினால் அக்கரையில் தூங்கும் முயல் எழுந்து உட்காரும். நண்டையோ பாதிப் பேருக்குத் தெரியாது. "கொடுக்கப்பனா? அது யாருய்யா?" என்று கேட்டார்கள்.

பாவம், அது பதவி ஆசையில் நிற்கவில்லை. ஏரியின் நடுவில் ஆழமான மடு ஒன்று உண்டு. கோடையில் ஏரி முழுக்கக் காய்ந்து வெடித்தாலும் மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அடுத்த மழை வரை அத்தனை உயிருக்கும் அதுதான் கதி. வளை தோண்டியே வாழ்ந்த நண்டுக்கு ஒரு விஷயம் தெரியும். மடுவின் தரை ஒரு சாண் களிமண்தான். அதற்குக் கீழே வெறும் மணல். பன்றிக் கூட்டம் கோரைக்கிழங்குக்காக அங்கே மூக்கால் கிளறினால் களிமண் பிய்ந்துவிடும். தண்ணீர் மொத்தமும் மணலுக்குள் போய்விடும். முந்தைய தலைவரான எருமை, பன்றிகளை மடுவில் இறங்க விட்டதில்லை. அந்த எருமை செத்துப் போனதால்தான் இந்தத் தேர்தலே.

அதோடு இன்னொன்றும் இருந்தது. நண்டின் மனைவி பொன்னாத்தா வயிற்று மடிப்பில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. கோடையில் குஞ்சுகள் பொரித்து இறங்க வேண்டியது அந்த மடுவில்தான்.

நண்டு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டது.

ஆமை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி தம்பி! என் ஓட்டு உனக்குத்தான்!"

"கவலையே படாதீங்க மாமா! எங்க வீட்ல எல்லாரும் உங்க பக்கம்தான்!" என்றது தவளை.

"எவ்வளவு நல்ல மனசு அண்ணே உங்களுக்கு!" என்று மான் கண் கலங்கியது.

நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டமும் நடையுமாக வளைக்கு வந்தது. "பொன்னாத்தா, நாற்பது ஓட்டு நிச்சயம்! குறையவே குறையாது!" என்றது. பொன்னாத்தா முட்டைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

கொம்பையாவுக்காக ஓட்டுக் கேட்டது நரி. அது கெட்டிக்கார நரி! நண்டைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"கொடுக்கப்பன் நல்லவர்தான்! யாரு இல்லேன்னா? ஆனா ஜெயிப்பாரா? நீங்களே சொல்லுங்க! தோக்கப் போறவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்கலாமா?" என்று ஊரெல்லாம் கேட்டது. அப்புறம் காதோரமாகக் குனிந்து, "கொம்பையா அண்ணாச்சி ஜெயிச்சு வந்தப்புறம் யாரு நம்ம ஆளு, யாரு இல்லேன்னு பார்க்கத்தானே செய்வாரு?" என்றது. அவ்வளவுதான்! கேட்டவர்கள் எல்லாம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

மருத மரத்தடியில் கூட்டம் நடந்தது. கொம்பையா எழுந்து, "இனிமே மடு எல்லாருக்கும் பொது! எப்ப வேணும்னாலும் இறங்கலாம்! புரளலாம்!" என்று முழங்கியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அடுத்து நண்டு கல்லின் மேல் ஏறிக் களிமண்ணைப் பற்றியும் மணலைப் பற்றியும் சொல்லத் தொடங்கியது.

"ஆளே தெரியலையே! இன்னும் கொஞ்சம் மேல ஏறிப் பேசுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்றது நரி. எல்லாரும் சிரித்தார்கள். ஆமையும் சிரித்தது. நண்டு பேச்சை முடிக்காமலே இறங்கிவிட்டது.

தேர்தல் நாள் வந்தது. மரத்தடியில் போட்டியிடும் இருவருக்கும் ஆளுக்கொரு குழி தோண்டி, இலை போட்டு மூடியிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு புங்கங்கொட்டையைத் தன் விருப்பப்படி ஏதாவது ஒரு குழியில் போட வேண்டும். எண்ணுவது கொக்கின் வேலை.

"கொம்பையாவுக்குத் தொண்ணூத்தி நாலு!" என்றது கொக்கு. பிறகு அடுத்த குழிக்குப் போனது. குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடியும் குனிந்தது. "கொடுக்கப்பனுக்கு... ஒண்ணு."

"கொக்கண்ணே, இலைக்கு அடியில நல்லாப் பாருங்க!" என்றது நண்டு.

கொக்கு ஒவ்வோர் இலையாகப் புரட்டிக் காட்டியது. "ஒண்ணுதான்பா."

அந்த ஒன்று யார் போட்டது என்று நண்டுக்குத் தெரியாதா? அதுவே போட்ட கொட்டை அது! ஊர் ஏமாற்றியதைக்கூட விடுங்கள். வீடு? வளைக்குத் திரும்பும் வரை அது மனைவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பொன்னாத்தா... நீயுமா?"

பொன்னாத்தா விம்மி விம்மி அழுதது. "ஆமாங்க! நீங்க எப்படியும் தோத்துடுவீங்கன்னு ஊரே சொல்லுச்சு. நான் ஒருத்தி போட்டு என்ன ஆகப்போவுது? கொம்பையாவுக்குப் போட்டா பிள்ளைங்களுக்கு மடுவோரமா ஒரு இடம் வாங்கித் தாரேன்னு நரி சொன்னாரு. பெத்தவ மனசு கேட்கலீங்க!"

நண்டு திட்டவில்லை. "சரி, அழாதே. முட்டைக்கு ஆகாது" என்று மட்டும் சொல்லி, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மறுநாளே பன்றிகள் மடுவில் இறங்கின. போதாதென்று கொம்பையா அடுத்த காட்டுச் சொந்தபந்தங்களையும் அழைத்திருந்தது! கோரைக்கிழங்குக்காக மடுவின் தரையை உழுது தள்ளின. நண்டு கரையில் நின்று, "வேண்டாம் அண்ணாச்சி! களிமண்ணு பிய்யுது! குடிக்கத் தண்ணி நிக்காது!" என்று கத்தியது. ஒரு பன்றி திரும்பும்போது நண்டை மிதித்துவிட்டது. ஒரு கொடுக்கு ஒடிந்தது. அந்தப் பன்றிக்கு மிதித்ததுகூடத் தெரியாது.

பங்குனி பிறந்தது. மடுவில் சேறு மட்டும் இருந்தது. அப்புறம் சேறும் இல்லை.

அந்த வாரம்தான் பொன்னாத்தாவின் முட்டைகள் பொரித்தன. அதன் வயிற்று மடிப்புக்குள் கடுகளவு குஞ்சுகள்! அப்பாவும் அம்மாவும் ஈரம் தேடி ஏரி முழுக்கத் தோண்டினார்கள். நண்டு ஒற்றைக் கொடுக்கால் தோண்டியது. ஒரு முழம் போயும் புழுதிதான் வந்தது. மூன்றாம் நாள் பொன்னாத்தா வயிற்று மடிப்பைத் திறந்து பார்த்தது. ஒரு குஞ்சும் அசையவில்லை. அது அழுத அழுகையை நான் எப்படிச் சொல்வேன்!

"தண்ணியில்லாத ஏரிக்குத் தலைவர் எதுக்கு?" என்று கொம்பையா கூட்டத்தோடு அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. நரியும் பின்னாலேயே போனது. அதற்கென்ன, எங்கே போனாலும் ஓர் அண்ணாச்சி கிடைப்பார்!

மிச்சம் இருந்தவர்கள் ஏரியை விட்டுக் கிளம்ப மருத மரத்தடியில் கூடினார்கள். நண்டைப் பார்த்ததும் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு மெல்ல வெளியே நீட்டியது.

"தம்பி, சத்தியமா உனக்குத்தான் போடணும்னு நெனச்சேன். வேற யாரும் போட மாட்டாங்களே, நான் ஒருத்தன் போட்டு என்ன ஆகப்போவுதுன்னு..."

"ஐயோ, நானும் அப்படித்தான் நெனச்சேன்!" என்றது தவளை.

"நானும்தான்!" என்றது மான். கொக்கும் அதையே சொன்னது. முயல், அணில், நீர்க்கோழி என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். சொல்லி முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா... எல்லாரும் மனசுல இருந்தபடி போட்டிருந்தா, மாமா ஜெயிச்சிருப்பாரா?" என்று தவளை மெல்லக் கேட்டது.

நண்டுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் அதன் உடம்பில் தெம்பில்லை. "எனக்கு ஜெயிக்கணும்னு ஒண்ணும் இல்லப்பா. என் பிள்ளைங்க அந்த மடுவுல இறங்கி விளையாடுறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றது.

பிறகு ஒற்றைக் கொடுக்கால் பொன்னாத்தாவைப் பிடித்துக்கொண்டு, வெடித்துக் கிடந்த ஏரியின் குறுக்கே நடக்கத் தொடங்கியது.

நல்லவர் என்று மனம் சொல்லியும், 'எப்படியும் தோற்கப் போகிறவர்தானே' என்று ஒருவரைக் கைவிடுகிறவர்களே அவரைத் தோற்கடிக்கிறார்கள், அந்தத் தோல்வியின் துயரத்தைச் சுமக்கப் போகிறவர்களும் அவர்களே.