வேட்டைக்கு ஒரு குண்டு

சைலன்சரைத் துப்பாக்கி முனையில் திருகி இறுக்கியதும், குகனேசன் காதுமூடியைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

“சைலன்சருக்கு லைசன்ஸ் பேப்பர் ஒண்டும் கேக்கேல்லை, ரீச்சர்! சீனி வாங்கின மாதிரி வாங்கிக்கொண்டு வந்தன்.”

விடிந்தால் அவருடைய முதல் மான் வேட்டை. நோர்வேக்கு வந்து முப்பது வருடம் காத்திருந்த வேட்டை.

தவமலர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். இந்தத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவருக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள். துப்பாக்கியிலிருந்த குண்டை வெளியே எடுத்து வைத்தாள்.

“காதுமூடி?”

“அதுதான் சைலன்சர் இருக்கே. எத்தினை பஸ்ஸுக்குப் பூட்டியிருக்கிறன்!”

“பூட்டின பஸ் சத்தம் போடாதோ, அண்ணை?”

“போடும், கொஞ்சம்.” சிரித்தார். “நாளைக்கு ஒரு குண்டுதானே, ரீச்சர். மான் சுள்ளி மிதிக்கிறது கேக்க வேணும். காதைப் பொத்திக்கொண்டு போனால் அது என்ன வேட்டை?”

பஸ் பணிமனையில் எஞ்சினைத் திறக்காமலே கோளாறைச் சொல்பவர் அவர். அந்தக் காதுதான் அவருக்குச் சோறு போட்டது.

“உங்கட மணிக்கூட்டைத் தாங்கோ.”

சாவி கொடுக்கும் பழைய மணிக்கூடு. தவமலர் அதை வாங்கி, கையை நீட்டி அவர் காதுக்கு எட்டத்தில் பிடித்தாள்.

“கேக்குதோ?”

“ஓம்! உள்ளுக்கை சில்லிலை ஒரு பல்லு தேஞ்சிருக்கு. அதுவும் கேக்குது.”

“இப்ப என்ர இடக்காதுக்குக் கொண்டுவாங்கோ. கேட்டால் கை தூக்குவன்.”

மணிக்கூட்டை அவரிடம் கொடுத்து, வலக்காதை விரலால் அடைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கிட்டக் கொண்டுபோனார். ஒரு முழம். ஒரு சாண். நான்கு விரல். மணிக்கூட்டின் உலோகம் அவள் காதைத் தொட்டது. கை எழவில்லை.

“ரீச்சர்?”

குளிர் பட்டுக் கண் திறந்தாள்.

“நான் கதைக்கிறது கேக்குதே!”

“கதை கேக்கும். உது கேக்காது.”

“சைலன்சர் இல்லாமலோ சுட்டனீங்கள்?”

“நல்ல சைலன்சர், அண்ணை. இப்பவும் வீட்டிலை இருக்கு. காதுமூடிதான் போடேல்லை. காடு கேக்க வேணுமெண்டு.”

“எத்தினை குண்டு?”

“வேட்டைக்கு ஒண்டுதான். பதினேழு வருஷம். ஒண்டும் தப்பேல்லை.”

மணிக்கூடு குகனேசனின் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதுமூடியை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி, அவளுடைய வலப்பக்கம் போய் நின்றார்.