குப்பத்துப் படகின் பாரம்

பாண்டுவேள் ராஜாவுக்கு இரண்டு பலவீனம். ஒன்று, பாய்மரப் படகுப் பந்தயம். இன்னொன்று, பிரதானி அச்சுதப்பர் காதில் எதை ஓதினாலும் அதையே உத்தரவாகப் போட்டுவிடுவது.

அந்த வருஷம் பிரதானி ஓதியது இது: "பந்தயத்தில் ஜெயிக்கிறவருக்கே முகத்துவாரத்தில் வலை போடும் உரிமை." போட்டிக்கு நின்ற பெரிய படகு பிரதானியின் மைத்துனருடையது. அது போதாதென்று, ஆற்று மணல் அரசன் சொத்தாம், எதிர்த்து நின்ற மீனவர் குப்பத்துப் படகில் ஒரு பிடிகூட ஏற்றக் கூடாதாம்! மைத்துனர் படகில் மட்டும் பாரத்துக்கு இரும்புக் குண்டுகள்.

குப்பத்துப் படகுக்காரர்களின் தலைவன், சம்மாட்டி மாசிலான், சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன அம்பலவனிடம் ஓடிவந்தான்.

"சாமி, மணல் மூட்டைதான் எங்க படகுக்குப் பாரம். அது இல்லாட்டி முதல் காத்துக்கே கவுந்துரும். தோத்துட்டா வலையைச் சுருட்டிக்கிட்டு நாங்க எங்க போறது?"

"அழாதேப்பா. பாரத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

பந்தயத்தன்று அம்பலவன் ராஜாவிடம் பவ்யமாகச் சொன்னான்: "அரசே, இந்தக் குப்பத்து ஆட்களை நம்ப முடியாது. நடுவழியில் மணலை ஏற்றிவிட்டால்? பிரதானியே படகில் உட்கார்ந்து கண்காணிக்கட்டும்."

பிரதானிக்கு உள்ளூரக் குஷி. 'என் தொந்தியைச் சுமந்துகொண்டு இது எங்கே நகரப்போகிறது!' என்று ஏறி உட்கார்ந்தார். புத்திசாலி!

காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தால், "ஐயா, வலப்பக்கம் நகருங்க!" வலப்பக்கம் சாய்ந்தால், "ஐயா, இந்தப் பக்கம்!" உயிர்ப்பயத்தில் பிரதானி உருண்டு உருண்டு நகர்ந்தார். படகு கவிழவே இல்லை.

கரை நெருங்கும்போது காற்று விழுந்தது. அப்போது பாரத்தைத் தண்ணீரில் தள்ளிப் படகை லேசாக்குவது பந்தயக்காரர் வழக்கம். மைத்துனரோ, "இரும்பு என்ன விலை தெரியுமாடா? தொடாதே!" என்று கத்தினார்.

மாசிலான் தன் படகில் இருந்த ஒரே பாரத்தைப் பார்த்தான்.

தொப்!

நல்லவேளை, இடுப்பளவுத் தண்ணீர். குப்பத்துப் படகு முதலில் கரை தொட்டது. பின்னாலேயே பிரதானி சொட்டச் சொட்ட நடந்து வந்தார்.

"அரசே! என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள்! இவர்கள் ஜெயித்தது செல்லாது!"

ராஜா அம்பலவனை முறைத்தார். "என்னடா இது?"

"பாரத்தைத் தள்ளுவது காலங்காலமாக நடப்பதுதான், அரசே. கரைக்கு நடந்துவந்து புகார் சொல்கிற மூட்டையைத்தான் இன்றைக்கு முதல்முதலாகப் பார்க்கிறோம்."

ராஜா தலைப்பாகை கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். முகத்துவாரம் குப்பத்துக்கே என்று அங்கேயே உத்தரவானது. இந்த முறை ஓதுவதற்குப் பிரதானி பக்கத்தில் இல்லை. வேட்டியைப் பிழியப் போயிருந்தார்.