கோப்பையும் கோழிக்குழம்பும்

மேட்டுநாட்டுக் கிளப்பும் பக்கத்திலிருக்கும் பள்ளநாட்டுக் கிளப்பும் வருஷா வருஷம் ஒரு கால்பந்துக் கோப்பைக்காக மோதிக்கொள்ளும். அந்த வருஷம் மேட்டுநாட்டு மைதானத்திலேயே பள்ளநாட்டுக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். தோற்ற கிளப்பின் தலைவர் கோமதிநாயகம்தான் எல்லையில் சுங்க அதிகாரியும். விடுவாரா? ஊர் திரும்பும் பஸ்ஸை மறித்தார்.

“வரும்போது கொண்டுவராத எதுவும் திரும்பிப் போகக் கூடாது. அதுதான் சட்டம். கோப்பையை இறக்கு!”

கேப்டனுக்கு முகம் தொங்கிப்போனது. பந்துக்குக் காற்றடிக்கும் பொன்னுரங்கம் மட்டும் பெரிய கும்பிடாகப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“சட்டம்னா சட்டம்தாங்க ஐயா. ஆட்டம் முடிஞ்சதும் உங்க கிளப்பு விருந்துல ஆளுக்கொரு கோழி தின்னோம், சோடா குடிச்சோம். வரும்போது அதுவும் எங்ககிட்ட இல்லீங்க. எங்க இறக்கட்டும்?”

“என்னடா உளறுறே?”

பொன்னுரங்கம் கண்ணைக் காட்டினான். பதினோரு பேரும் டவுசர் நாடாவை அவிழ்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வரிசையாகக் குந்தினார்கள். கோல்கீப்பருக்கு வயிறு வேறு சரியில்லை.

“ஐயோ! டேய்! அந்தக் கோழியெல்லாம் உங்களுதுடா!”

“அப்போ கோப்பைங்க?”

“அதுவும்தான்! தொலைங்கடா!” என்று அலறிய கோமதிநாயகம், தானே கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸில் வைத்தார்.

பஸ் நகர்ந்தது. பொன்னுரங்கம் ஜன்னல் வழியே தலையை நீட்டி, அவர் மூஞ்சிக்கு நேராக நீளமாய் ஒரு ஏப்பம் விட்டான்.

“உங்க சோடாவோட காத்துங்க ஐயா. அதையாவது திருப்பிக் குடுத்துட்டுப் போறோம்!”