ஊற்றுப்பாறைப் பாசி

மலைமடத்துத் தலைவி மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அறுபத்தாறு. கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மலையேறி வந்துவிட்டார்.

மடத்துக்கு ஊற்றிலிருந்து குடத்தில்தான் தண்ணீர். அந்தக் கோடையில் குழாய் போட ஆள் வந்தார். வழி இரண்டுதான் இருந்தது. ஒன்றில், பாடும் குருவி கூடு கட்டியிருந்த புதரை வெட்ட வேண்டும். மற்றதில், ஊற்றுப்பாறையின் கசிவைத் திருப்ப வேண்டும். அந்த ஈரத்தை நம்பியிருந்த பாசி காய்ந்துபோகும். அப்படியொரு பாசியைப் பரஞ்சோதி வேறெங்கும் கண்டதில்லை.

எது போகலாம் என்று சொல்லும் பொறுப்பைத் தலைவி அவரிடமே விட்டிருந்தார்.

"பாசி போகட்டும் அம்மா," என்றார் பரஞ்சோதி.

"ஏன்?"

"குருவி முதுகெலும்புள்ள உயிர். பாசிக்குப் பூ இல்லை, விதை இல்லை, வேர்கூடக் கிடையாது." வகுப்பெடுத்த பழக்கத்தில் விரல் விட்டு எண்ணியே சொன்னார். "அதோட, குருவி அழியுற நிலையில இருக்குன்னு உலகமே ஒத்துக்கிட்டாச்சு."

"பாசி?"

"அழியுற உயிர்களோட பட்டியல்ல அதுக்கு எந்த நிலையும் குறிக்கலை."

"அப்படின்னா ஆபத்து இல்லையா?"

"அப்படி இல்லை. இதுவரை யாரும் போய்ப் பார்க்கலைன்னு அர்த்தம்."

"குருவியை மட்டும் எப்படிப் பார்த்தாங்க?"

"அது பாடுமே அம்மா! பாட்டு குறைஞ்சா நமக்கே தெரிஞ்சுடும்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. குருவி என்றால் அவருக்கு உயிர்.

தலைவி, "உங்க வீட்டம்மாவுக்கு என்ன செஞ்சுது ஐயா?" என்று கேட்டார்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"வயித்துல கட்டி. கடைசியிலதான் தெரிஞ்சுது."

"முன்னாடியே தெரியலையா?"

"அவ ஒண்ணும் சொல்லலையே அம்மா. காலையில காபி வரும், மத்தியானம் சாப்பாடு வரும். நல்லாத்தான் இருக்கான்னு நானும்..."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தலைவி அவரைத் தேற்றவில்லை.

வெகுநேரம் கழித்துப் பரஞ்சோதி எழுந்து ஊற்றுப் பக்கம் போனார். பாறை முன்னால், ஈரத்திலேயே உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பாசியைப் பார்த்தார்.

குழாய்க்காரர் கடப்பாரையோடு தலைவியிடம் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம்மா வெட்டணும்? ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரே."

"ஐயா இப்பத்தான் பார்க்க ஆரம்பிச்சிருக்கார்," என்றார் தலைவி. "நாங்க குடத்திலேயே தூக்கிக்கிறோம். நீங்க போயிட்டு வாங்க."